பழைய காரும் புகைப் பரிசோதனையும்: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

மலேசியாவில் சொந்தக் காருக்கு வருடா வருடம் பரிசோதனை கிடையாது. லாரி, பஸ், டாக்சி என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போயே ஆகவேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் டட்சனுக்கோ மோரிஸ் மைனருக்கோ அந்தத் தொல்லை இல்லை. வசதிதான். ஆனால் இந்த வசதியாலேயே பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர், வண்டி விடும் புகையை ஒரு தடவைகூட அளந்து பார்க்காமல் இருபது முப்பது வருடம் ஓட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் கார் கை மாறுகிறது. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் யாரோ தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த வண்டியை நீங்கள் ஆசைப்பட்டு வாங்குகிறீர்கள். பெயர் மாற்றத்துக்கு அதே மாதிரி நிலையத்தில் பி5 என்ற பரிசோதனை. எஞ்சின் எண், சேஸி எண், பிரேக், கண்ணாடி என்று நீளும் அந்த வரிசையில் புகையும் ஒன்று. எஞ்சினை மாற்றியிருந்தாலும், ரோட் டேக்ஸ் பல வருடம் போடாமல் கிடந்த வண்டியை மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தாலும் இதே வாசலுக்குத்தான் போகவேண்டும்.

பழைய கார் என்று இங்கே சொல்வது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத பெட்ரோல் வண்டிகளை. மோரிஸ், மினி, பீட்டல், டட்சன் 120ஒய் எல்லாம் இதில் அடக்கம். முதல் புரோட்டோன் சாகாவும்தான். அது வந்தது 1985 ஜூலையில், நம் பினாங்குப் பாலம் திறந்த அதே வருடம். நாற்பது வயதைத் தாண்டிய வண்டியைப் பழைய கார் என்று சொல்ல இன்னும் சிலருக்கு மனசு வரவில்லை!

இந்த வண்டிகள் புகையில் தோற்பதற்கு வயது காரணமில்லை. தேய்ந்த பாயிண்ட், அடைத்த ஃபில்டர், பாதி திறந்த சோக் என்று சில்லறைச் சாமான்கள்தான் பெரும்பாலும் காரணம். இவற்றை ஒழுங்கான வரிசையில் பார்த்தால் நல்ல எஞ்சின் தேறிவிடும். வரிசை மாறினால் பட்டறைக்கும் பரிசோதனைக்கும் நடையாய் நடக்க வேண்டியதுதான்.

மெஷின் எதை அளக்கிறது?

எஞ்சின் சூடாகி ஐட்லில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடும்போது, எக்ஸாஸ்ட் குழாயின் வாய்க்குள் ஒரு நீளமான உலோகக் குழலைச் செருகுவார்கள். அது கொஞ்சம் புகையை உறிஞ்சி மெஷினுக்கு அனுப்பும். மெஷின் அதன்மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, எந்த வாயு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கணக்குப் பார்த்து எண்களைக் காட்டும். முக்கியமான எண்கள் இரண்டு. கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில். ஹைட்ரோகார்பன், பிபிஎம்மில், அதாவது பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்று. நல்ல மெஷின் கார்பன் டை ஆக்சைடையும் ஆக்சிஜனையும் சேர்த்தே காட்டும். கடைசி இரண்டும் சட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க அவைதான் கைகொடுக்கும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவில் கலந்து, சரியான நேரத்தில் பொறி விழுந்தால், பெட்ரோல் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிடும். காற்று போதவில்லை என்றால் பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடும். விறகடுப்பில் விறகை மட்டும் திணித்துவிட்டு ஊதாமல் விட்டால் என்ன ஆகும், அதே கதைதான். ஹைட்ரோகார்பன் அப்படியில்லை. அது எரியவே இல்லாத பெட்ரோல். பொறி விழவில்லை, அல்லது விழுந்தும் கலவை பற்றிக்கொள்ளவில்லை, அல்லது வால்வு சரியாக மூடவில்லை. உள்ளே போன பெட்ரோல் அப்படியே வெளியே வந்துவிட்டது.

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் எண்களைப் படிப்பது சுலபம். கார்பன் மோனாக்சைடு ஏறி, ஆக்சிஜன் ஒன்றுமில்லாமல் கிடந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. கார்பன் மோனாக்சைடு ஒழுங்காக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஆயிரத்தைத் தாண்டி ஆடினால் ஏதோ ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது. பிளக், பிளக் வயர் பக்கம் பாருங்கள். ஹைட்ரோகார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறி கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாக இருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சிவிட்டது. ஒல்லியான கலவை பற்றிக்கொள்ளத் திணறுகிறது. ஆக்சிஜன் மட்டும் எக்கச்சக்கமாக இருந்து மற்ற எல்லாமே குறைந்து தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயில் எங்கோ ஓட்டை. வெளிக்காற்று உள்ளே புகுந்து புகையை நீர்க்கச் செய்கிறது.

எத்தனை வரை அனுமதி என்பது வண்டி பதிவான காலத்தைப் பொறுத்தது. பரிசோதனைக்குப் பதியும்போதே உங்கள் வண்டிக்கான அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது எதுவானாலும், கேட்டலிட்டிக் இல்லாத ஆரோக்கியமான கார்புரேட்டர் எஞ்சின் ஐட்லில் கார்பன் மோனாக்சைடு 2 முதல் 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 300 பிபிஎம்முக்குள் என்று ஓடும். அதைக் குறிவைத்து வேலை செய்தால் போதும். எல்லைக்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிறுத்தி வைத்தால் அன்றைய வெயிலும் வரிசையில் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து உங்களைக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடும்.

முதலில் பொறி, பிறகுதான் பெட்ரோல்

புகை அதிகம் என்றதும் பாதிப் பேர் செய்வது ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கார்புரேட்டரைத் திருகுவது. இதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். பொறி பலவீனமாக இருக்கும் எஞ்சினில் கலவையைச் சரிசெய்கிறேன் என்று இறங்கினால், ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மறைக்கிறீர்கள். அன்றைக்கு ஐட்ல் நன்றாகத் தெரியும். பிளக்கை மாற்றிய மறுநாள் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அதனால் பிளக்கில் தொடங்குங்கள். நான்கையும் கழற்றி, எந்த சிலிண்டர் எது என்று தெரியும்படி ஒரு துணியில் வரிசையாக வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்துப்போயிருந்தால் காற்று ஜாஸ்தி. ஈரமாக, பிசுபிசுவென்று கறுப்பெண்ணெய் ஒட்டியிருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போய்விட்டது என்று அர்த்தம். நான்கும் ஒரே நிறமாக இருந்தால் கோளாறு எல்லாருக்கும் பொதுவான இடத்தில், அதாவது கார்புரேட்டரில். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்த சிலிண்டரில். மெஷின் கிடைக்காத பட்டறையிலும் இந்த நான்கு பிளக் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்தது, மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் இருக்கும் பாயிண்ட். இரண்டு சின்ன உலோக முகங்கள் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் பொறி. அவற்றின் முகம் கருகி மேடு பள்ளமானால் பொறி சோர்ந்துவிடும். பெரும்பாலான பழைய நான்கு சிலிண்டர் வண்டிகளில் இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும், இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் வைத்து அதன்படி வையுங்கள். பக்கத்தில் இருக்கும் கண்டென்சர் போனாலும் பாயிண்ட் சீக்கிரம் கருகும். இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது உத்தமம், பெரிய காசு இல்லை. நம் ஊர் ஈரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் வேர்த்துப்போவதும் உண்டு. மழைக்காலக் காலையில் இருமிக்கொண்டே கிளம்பி, சூடானதும் சரியாகிவிடும் வண்டி என்றால் மூடியைத் துடைத்து, உள்ளே மயிரிழை போல விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், மாறும். ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் பின்னால். டைமிங் லைட் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்ப்பதுதான் பல வண்டிகளில் முறை. டைமிங் அளவுக்கு மீறி முன்னால் தள்ளப்பட்டிருந்தால் ஐட்லில் ஹைட்ரோகார்பன் ஏறும்.

பிறகு வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடம். இங்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் செய்த பல எஞ்சின்களில், வால்வு உட்காரும் இருக்கை சாதாரண வார்ப்பிரும்புதான். ஈயம் அதன்மேல் மெல்லிய காப்பாகப் படிந்திருந்தது. ஈயம் போன பிறகு, வேகமாக நீண்ட தூரம் ஓட்டும் வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துகொண்டே போகும். இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுதாக மூடாது. எரியாத பெட்ரோல் கசியும், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், குறையும். அந்தக் காலத்தில் கிர் கிர் என்று சத்தம் போட்ட வால்வுகள் தானாக அமைதியாகிவிட்டால், அது நல்ல சகுனமில்லை.

சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். பிளக் துளையில் மீட்டரை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவேண்டும். நான்கு எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. இந்தக் கட்டத்தில் பெரிய குறை தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சினைப் பிரிக்கவேண்டிய வண்டியை ட்யூனிங்கால் தேற்ற முடியாது.

காற்று வரும் வழிகளைப் பார்ப்பது சீக்கிரம் முடிந்துவிடும். ஏர் ஃபில்டர் புதிதாக இருக்கட்டும். வேக்கும் ஹோஸ்கள் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். எஞ்சினிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பிரீதர் ஹோஸ் அடைத்திருக்கக்கூடாது. எஞ்சின் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். நாள்பட்ட ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும், அதன் ஆவி பிரீதர் வழியாகத் திரும்ப எஞ்சினுக்குள் போய் புகை அளவை ஏற்றும். எக்ஸாஸ்ட் குழாய்தான் நம் தீவில் பெரிய வேலை. கடற்காற்று சைலன்சரை அரித்துவிடுகிறது. குழாயின் வாயில் துணியை அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். எங்காவது புஸ்ஸென்று கேட்டால் ஓட்டை அங்கே. பரிசோதனைக்காக மட்டும் சொல்லவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை; துருப்பிடித்த தரை வழியாகக் காருக்குள் வந்தால் ஆளைக் கொன்றுவிடும். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் எந்த வேலையையும் வெட்டவெளியில் வைத்துச் செய்யுங்கள்.

இப்போது கார்புரேட்டர்

சோக்கைப் பாருங்கள் முதலில். குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் கலவையில் பெட்ரோல் பங்கைக் கூட்டும் ஏற்பாடு அது. நம் வெயிலுக்குக் காலையில் ஒரு நிமிடம் சோக் இழுத்தால் அதிகம். ஆனால் கேபிள் துருப்பிடித்து, டேஷ்போர்டில் குமிழ் உள்ளே போயிருந்தும் கார்புரேட்டரில் சோக் பாதி வேலை செய்துகொண்டிருக்கும் வண்டிகள் எத்தனையோ. போனட்டைத் திறந்துவைத்து ஒருவர் குமிழைத் தள்ள, இன்னொருவர் பார்த்தால் தெரிந்துவிடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் ஊசி வால்வு தேய்ந்து பெட்ரோல் வழிகிறதா என்பது அடுத்தது. வண்டியை நிறுத்திய பிறகும் பெட்ரோல் வாடை வந்தால் அங்கே கை வையுங்கள்.

இவை முடிந்த பிறகுதான் கலவைத் திருகு. டட்சன் மாதிரி ஜப்பானியக் கார்புரேட்டரில் முறை இப்படி: சூடான எஞ்சின், ஐட்ல் எண்ணூறு ஆர்பிஎம்மை ஒட்டி. திருகை மெதுவாக, முட்டும் வரை மட்டும் உள்ளே விட்டு, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முட்டிய பிறகும் பலம் போட்டால் ஊசிமுனை கெட்டுவிடும். பிறகு ஐட்ல் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அதுவரை திருப்பி, அங்கிருந்து ஐட்ல் லேசாக இறங்கத் தொடங்கும் வரை உள்ளே திருகவேண்டும். அந்த லேசான இறக்கம்தான் கார்பன் மோனாக்சைடு குறையும் இடம்.

மோரிஸ் மைனர், மினி, பழைய ஆஸ்டின் வண்டிகளில் எஸ்யூ என்ற வகைக் கார்புரேட்டர். இதைச் சரிசெய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். பக்கவாட்டில் ஒரு சின்னப் பின் இருக்கும். அதை விரலால் மேலே தள்ளினால் உள்ளே இருக்கும் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் அளவு எழும்பி, கொஞ்சம் கூடுதல் காற்று உள்ளே போகும். எஞ்சின் அதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதைக் காதால் கேட்கவேண்டும். ஜெலுத்தோங் பக்கம் ஒரு பட்டறையில் பெரியவர் ஒருவர் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார்.

“பின்னைத் தள்ளு. என்ன ஆச்சு?”

“சத்தம் ஏறுதுண்ணே. ஏறி அப்படியே நிக்குது.”

“அப்ப பெட்ரோல் ஜாஸ்தி. கீழே நட்டை ஒரு முகம் மேலே ஏத்து. ஒரு முகம்தான், முழுச் சுத்து இல்ல.”

பையன், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அடியில் இருந்த அறுகோண நட்டை ஸ்பேனரால் ஒரு முகம் நகர்த்திவிட்டு மறுபடி பின்னைத் தள்ளினான். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தது. “இப்ப ஒல்லியாயிடுச்சு. பாதி முகம் திரும்ப இறக்கு.” மூன்றாவது தடவை சத்தம் லேசாக ஏறி, உடனே பழைய இடத்துக்கு வந்து நின்றது. பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். மெஷின் வைத்துப் பார்க்கவும் இல்லை, பார்க்கத் தேவையும் இருந்திருக்காது. அந்த மூன்று பதில்களை நினைவில் வைத்தால் போதும்: ஏறி நின்றால் ஜாஸ்தி, அணையப் போனால் குறைவு, ஏறி இறங்கினால் சரி.

எஸ்யூவில் ஊசியும் ஜெட்டும் ஒன்றோடொன்று உரசித் தேய்வது சகஜம். துளை பெரிதாகி, நட்டை எவ்வளவு ஏற்றினாலும் பெட்ரோல் ஜாஸ்தியாகவே இருக்கும். அப்போது திருகிப் பயனில்லை, இரண்டையும் மாற்றவேண்டும். த்ராட்டில் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்றை இழுப்பதும் உண்டு. தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் ஐட்ல் ஒருநாளும் ஒரு நிலையில் நிற்காது.

பரிசோதனையில் தேற வேண்டும் என்பதற்காகக் கலவையை ரொம்ப ஒல்லியாக்கிக் கொடுக்கும் பட்டறை ஃபோர்மன்களும் இருக்கிறார்கள். ஐட்லில் எண் அழகாக வரும். அதே வண்டியில் துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் பூலாவுக்கு ஏறிப்பாருங்கள். பாதி மேட்டில் டிக் டிக் என்று தட்டும், சூடு முள் ஏறும், ஆக்சிலரேட்டர் மிதித்தால் இழுக்காது. பெட்ரோல் டாங்கில் ஊற்றினால் புகை போய்விடும் என்று விற்கும் பாட்டில்கள் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. தேய்ந்த பாயிண்டைச் சரிசெய்யும் திரவத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

போகிற அன்று

குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள். சூடாகாத சிலிண்டர் சுவரில் பெட்ரோல் ஒட்டிக்கொண்டு எரியாமல் வெளியேறும். வெப்ப முள் நடுவில் வந்தால் தண்ணீர் சூடாகிவிட்டது என்று அர்த்தம். எண்ணெயும் உலோகமும் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் போவது நல்லது. ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் போகிறவர்களுக்குக் கடலோர நெடுஞ்சாலையே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் சாயங்கால நெரிசல் நேரம் வேண்டாம். ஊர்ந்து ஊர்ந்து போனால் பிளக்கில் கரி படியும். வரிசையில் நிற்கும்போதும் இதே பிரச்சினைதான். நீண்ட நேரம் ஐட்லில் நிற்பதைவிட எஞ்சினை அணைத்துவிட்டு, உங்கள் முறை நெருங்கும்போது ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் போல 2500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். பிளக் தெளிந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் வந்த சில ஐரோப்பிய வண்டிகளில் கேட்டலிட்டிக் இருக்கும். அதற்கும் இந்தச் சூடு அவசியம். முன்னூறு டிகிரியை நெருங்கும்வரை அது வேலையே செய்யாது.

டீசல் பழைய மெர்சிடிஸ் என்றால் கதை வேறு. அங்கே வாயுக்களை அளப்பதில்லை, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று அளப்பார்கள். நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்து எஞ்சினை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோவார்கள். அதனால் ஆயில் அளவு, டைமிங் செயின் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டுப் போங்கள். கறுப்புப் புகைக்கு அடைத்த ஏர் ஃபில்டரும் ஒழுகும் இன்ஜெக்டரும்தான் வழக்கமான காரணம்.

தோற்றுவிட்டால் அளவுகள் அச்சான தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். “புகை ஜாஸ்தின்னு சொல்லிட்டாங்க” என்று பட்டறையில் போய் நின்றால், அவர் மறுபடி கார்புரேட்டரைத் திருகத் தொடங்குவார். கார்பன் மோனாக்சைடு இத்தனை, ஹைட்ரோகார்பன் இத்தனை என்று தாளை நீட்டினால் எங்கே தொடங்குவது என்று இருவருக்குமே தெரியும். தேறினாலும் அந்த எண்களை எழுதி கிளவ் பாக்ஸில் வையுங்கள், திருகு எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்பதையும் சேர்த்து.